பட்டமில்லாத பெர்கினும் பொட்டலம் கட்டிய ஃபிராங்க்லண்டும்: விக்டோரியா கால வேதியியலாளரின் தகுதி பற்றிய இழை

வாசகர் கேள்வி, 2022 ஜூன் 3

வில்லியம் ஹென்றி பெர்கின் 18 வயதில், எந்தப் பட்டமும் இல்லாமல், வீட்டு ஆய்வகத்தில் அனிலினிலிருந்து ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். விக்டோரியா அரசி காலத்து இங்கிலாந்தில் வேதியியலாளர் ஆவதற்குத் தேர்வும் தேவைப்படவில்லை, சான்றிதழும் தேவைப்படவில்லை. திறமை ஒன்றே போதுமானதாக இருந்தது. தேர்வு என்று ஒன்று வந்த பிறகுதான் திறமைசாலிகள் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பது என் கருத்து. மறுப்பவர் உண்டா?

2022 ஜூன் 3, இரவு

பாதியை மறுக்கிறேன். பெர்கினுக்குப் பட்டம் இல்லை என்பது உண்மை. படிப்பு இல்லை என்பது உண்மையன்று. மகன் கட்டடக் கலைஞராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். ஆனால் மகனோ 1853இல், 15 வயதில், இலண்டன் இராயல் வேதியியல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஆசிரியர் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹாஃப்மன், ஜெர்மனியின் கீசன் நகரில் வேதியியல் பேராசிரியர் லீபிக்கிடம் பயின்றவர். 1824 முதல் லீபிக் அங்கே நடத்திய ஆய்வகத்தில் மாணவர்கள் விரிவுரை கேட்டுக் கலைவதில்லை. பெயர் எழுதாத பொருளைக் கையில் கொடுத்து, அதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்து வரச் சொல்வார்கள். அந்த முறையைத்தான் ஹாஃப்மன் 1845இல் இலண்டனுக்குக் கொண்டுவந்தார். பிரிட்டனில் மாணவர்கள் தம் கையால் வேலை செய்து வேதியியல் கற்ற முதல் இடம் அதுவே.

1856 ஈஸ்டர் விடுமுறையில் பெர்கின் வீட்டில் செய்ய முயன்றது சாயம் அன்று, மலேரியாக் காய்ச்சலுக்கான மருந்தான குயினின். அதைச் செயற்கையாக உருவாக்கலாம் என்ற எண்ணமும் ஹாஃப்மனுடையதே. சோதனை தோற்றுக் குடுவையில் கரும்படிவு தங்கியபோது, அதைக் கொட்டிவிட்டுக் கழுவி வைக்காமல் சாராயத்தில் கரைத்துப் பார்த்தது மூன்று ஆண்டுகள் பழகிய கை. அப்போது அவர் ஹாஃப்மனின் உதவியாளர் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

2022 ஜூன் 4

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். "பிரிட்டனில் முதல் இடம்" என்றது தவறு. 1818இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான தாமஸ் தாம்சன், கீசன் ஆய்வகம் தொடங்குவதற்கு முன்பே மாணவர்களை ஆய்வகத்தில் வேலை செய்ய விட்டவர். வேதியியலுக்கென்றே ஏற்பட்ட தனிக் கல்லூரி என்ற வகையில்தான் இலண்டன் கல்லூரிக்குச் சிறப்பு. ஸ்காட்லாந்துக்காரர் எவரும் இந்த இழையைப் படிக்கமாட்டார் என்ற துணிவில் நேற்று எழுதிவிட்டேன் போலும்.

2022 ஜூன் 6

இப்போது கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். "வேதியியலாளர் ஆவதற்குத் தேர்வு தேவைப்படவில்லை" என்கிறீர்கள். எந்த வேதியியலாளர்?

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாடகை வீட்டுக்காரம்மா என்ன வேலை என்று கேட்டதற்குப் பெருமையாகக் "கெமிஸ்ட்" என்று சொன்னேன். அன்று மாலையே தலைவலி மாத்திரை கேட்டு அவருடைய பேரனை அனுப்பிவிட்டார். பிறகு ஓய்வு பெறும்வரை அந்தச் சொல்லை நான் பயன்படுத்தவில்லை. நம் கடைத்தெருவில் இன்றும் "கெமிஸ்ட்ஸ் அண்ட் டிரக்கிஸ்ட்ஸ்" என்று தொங்கும் பலகை அந்த அம்மாவின் பக்கம்தான் சாட்சி சொல்லும். அப்பலகையின் மூலம் விக்டோரியா காலத்து இங்கிலாந்துதான்.

1841ஆம் ஆண்டில், இரண்டு வார இடைவெளியில், இலண்டனில் இரண்டு சங்கங்கள் பிறந்தன. மார்ச் 30 அன்று, இராபர்ட் வாரிங்டனின் முயற்சியால், ஆய்வில் ஈடுபட்டவர்களுக்காக வேதியியல் சங்கம் பிறந்தது. ஏப்ரல் 15 அன்று, ஸ்ட்ராண்டு வீதி மதுவிடுதி ஒன்றில் கூடிய மருந்துக்கடைக்காரர்கள் ஜேக்கப் பெல்லின் முன்னெடுப்பில் மருந்தாக்கச் சங்கத்தைத் தொடங்கினார்கள். முதலாமவர்கள் கட்டுரை வாசித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாமவர்கள் அடுத்த ஆண்டே பள்ளி தொடங்கி, 1843இல் அரச சாசனம் பெற்று, 1852இல் "ஃபார்மசூட்டிக்கல் கெமிஸ்ட்" என்ற பட்டப்பெயரைச் சட்டத்தால் தங்களுக்கென்று வேலியடைத்துக்கொண்டார்கள்.

1858 அக்டோபரில் பிராட்ஃபர்டு நகரில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். சர்க்கரையின் செலவைக் குறைக்க மிட்டாயில் சுண்ணக்கட்டி போன்ற பொடியைக் கலப்பது அக்கால வழக்கம். மிட்டாய்க்காரர் அனுப்பிய ஆள் அந்தப் பொடியைக் கேட்டு மருந்துக்கடைக்குச் சென்றார். முதலாளி நோயில் படுத்திருக்க, அனுபவமில்லாத உதவியாளர் தவறான பீப்பாயிலிருந்து 12 பவுண்டு வெள்ளைப் பாஷாணத்தை, அதாவது ஆர்செனிக் நஞ்சை, அள்ளிக் கொடுத்துவிட்டார். சுமார் 20 பேர் இறந்தார்கள். 200 பேர் அளவில் நோயுற்றார்கள். வழக்கில் எவரும் தண்டிக்கப்படவில்லை, ஏனெனில் பாஷாணம் விற்பவருக்கு அதை அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1868ஆம் ஆண்டு மருந்தாக்கச் சட்டம் வந்ததற்கு இந்த மிட்டாயும் ஒரு காரணம். அச்சட்டத்தின்படி, தேர்வில் தேறிப் பதிவேட்டில் பெயர் ஏறாதவர் நஞ்சை விற்கக் கூடாது. "கெமிஸ்ட்" என்றும் தம்மை அழைத்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே 1868க்குப் பிறகு, இலத்தீன் படித்து, மருந்துச் சீட்டை வாசித்து, களிம்பு குழைத்துக் காட்டித் தேறிய கடைக்காரர்தான் சட்டப்படி கெமிஸ்ட். தாலியம் என்ற தனிமத்தை 1861இல் கண்டறிந்த வில்லியம் குரூக்ஸ் அந்தப் பலகையை மாட்டிக் கடை திறந்திருந்தால் குற்றவாளி.

2022 ஜூன் 7

ஒரு நண்பர் தனிமடலில் கேட்கிறார்: கடைக்காரரும் வேதியியலாளரும் அவ்வளவு தொலைவா, கடையில் தொழில் பழகி மேலே வந்தவர்கள் இல்லையா என்று. நிறையப் பேர் உண்டு. எட்வர்டு ஃபிராங்க்லண்ட் அவர்களில் தலையானவர். இலங்காஸ்டர் நகரில் மருந்துக்கடை ஒன்றில் ஆறு ஆண்டுகள் தொழில் பழகுநராக இருந்தார். அந்த ஆறு ஆண்டுக் கடும் உழைப்பில் தமக்குக் கிடைத்த ஒரே பயன், பொட்டலத்தை அழகாகக் கட்டும் திறமைதான் என்று பிற்காலத்தில் எழுதிவைத்தார். ஊரிலிருந்த மருத்துவர்களான ஜான்சன் குடும்பத்தார் தந்த சிறு ஆய்வகத்தில் அவர் மாலை நேரங்களில் கற்றதே வேதியியல். 1845இல் இலண்டன் சென்று வேதியியலாளர் லயன் பிளேஃபேரிடம் சேர்ந்தார். பிறகு ஜெர்மனி சென்று 1849இல் மார்புர்கு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1851இல் மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியின் முதல் வேதியியல் பேராசிரியர் ஆனார். அதே பணியில் அவருக்குப் பின் வந்த ஹென்றி ராஸ்கோ பட்டம் பெற்றது ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில், வேதியியலாளர் புன்சனிடம். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்டம் தரத் தொடங்கியது 1917இல்தான்; அதுவரை வேதியியலாளரின் தகுதிச் சான்று கப்பலேறிப் போய் வாங்கிவர வேண்டிய பொருள்.

பொட்டலம் கட்டுவதைக் குறைத்து மதிப்பிடாதீர்கள் என்றும் ஒரு வார்த்தை. எங்கள் கூடத்தில் நாட்டு மருந்துக்கடை வீட்டிலிருந்து வந்த உதவியாளர் ஒருவர் இருந்தார். துளி சிந்தாமல் பொடியைத் தாளில் மடித்து எடைபோடுவதில் எங்கள் முதுகலைப் பட்டதாரிகள் எவரும் அவர் பக்கத்தில் நிற்க முடியாது.

2022 ஜூன் 11

"அப்படியானால் கடைக்காரர்களைத் தவிர மற்றவர்களுக்கு என் கருத்து பொருந்துகிறதே, பகுப்பாய்வு வேதியியலாளர்களுக்குத் தேர்வு இருக்கவில்லையே" என்று கேள்வி கேட்டவர் மடக்குகிறார். ஆம், பொருந்துகிறது. ஆனால் அதன் விளைவு என்னவாக இருந்தது என்று பாருங்கள்.

வேதியியல் சங்கத்தின் உறுப்பினர் என்பதைக் குறிக்கும் மூன்று எழுத்துகளைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள, தெரிந்தவர்கள் சிலர் முன்மொழிந்து கையெழுத்திட்டு, மற்றவர்கள் வாக்களித்தால் போதும். ஆர்வத்துக்காகச் சேர்ந்த ஆலை முதலாளியும் அதைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் வெளியிலிருந்து பார்க்கும் வழக்கறிஞருக்கும் நகராட்சி மன்றத்துக்கும் அந்த மூன்று எழுத்துகள் தேர்ச்சிச் சான்றாகவே தெரிந்தன. நீதிமன்றத்தில் இரு தரப்பும் தத்தம் பகுப்பாய்வாளரைக் கூண்டில் ஏற்றி, ஒரே நீரை ஒருவர் அமுதம் என்றும் மற்றவர் நஞ்சு என்றும் சொல்ல வைத்த வழக்குகள் பத்திரிகைகளுக்கு நல்ல தீனி.

1859ஆம் ஆண்டு ஸ்மெதர்ஸ்ட் வழக்கை மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அது என் சொந்தக் காயத்தைத் தொடுகிறது. தாமஸ் ஸ்மெதர்ஸ்ட் என்ற மருத்துவர், மனைவி உயிரோடிருக்க, இசபெல்லா பேங்க்ஸ் என்பவரையும் மணந்தார். அந்தப் பெண் நோயுற்று இறந்தார். கைஸ் மருத்துவமனையின் ஆல்ஃபிரெட் ஸ்வெயின் டெய்லர், நாட்டிலேயே புகழ்பெற்ற நஞ்சியல் அறிஞர், வீட்டிலிருந்த புட்டி ஒன்றில் ஆர்செனிக் இருப்பதாகக் கண்டார். அவர் செய்தது ரைன்ஷ் சோதனை: ஐயத்துக்குரிய பொருளை அமிலத்தில் இட்டுச் செம்புத் தகட்டோடு கொதிக்க வைத்தால், ஆர்செனிக் இருக்குமானால் தகட்டில் சாம்பல் நிறப் படலம் ஏறும். ஆனால் அந்தப் புட்டியில் இருந்தது பொட்டாசியம் குளோரேட்டு. அது செம்பையே அரித்துக் கரைத்தது. செம்புக்குள் இயல்பாகவே கலந்திருந்த ஆர்செனிக் வெளியே வந்து படலமானது. புட்டியிலிருந்து வந்ததாக அவர் சொன்ன நஞ்சு அவருடைய சொந்தத் தகட்டிலிருந்து வந்தது. டெய்லர் அதைத் தாமே ஒப்புக்கொண்டார். ஆயினும் நடுவர்கள் ஸ்மெதர்ஸ்டைக் குற்றவாளி என்றார்கள். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, எதிர்ப்புக் கிளம்பி, மருத்துவக் கருத்து மீண்டும் கேட்கப்பட்டு, மன்னிப்பு வழங்கப்பட்டது. இருதார மணத்துக்காக மட்டும் ஓராண்டு சிறை. வெளியே வந்தவர் வழக்குப் போட்டு அந்தப் பெண்ணின் சொத்தையும் பெற்றுக்கொண்டார் என்பது தனிக் கதை.

என் காயம் இது. இளங்கலை இரண்டாம் ஆண்டில் சால்ட் அனாலிசிஸ் தேர்வு, அதாவது கொடுத்த உப்பில் என்ன இருக்கிறது என்று கண்டறியும் செய்முறைத் தேர்வு. எனக்குக் கொடுத்த உப்பில் இரும்பு இருப்பதாகத் தயோசயனேட்டு இரத்தச் சிவப்பாகச் சொன்னது. எழுதிவிட்டேன். பக்கத்து மேசைக்காரனுக்கும் இரும்பு, எதிர்மேசைக்கும் இரும்பு. துருப்பிடித்த மூடியுள்ள ஜாடியிலிருந்து ஊற்றப்பட்ட ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில்தான் இரும்பு இருந்தது. அமிலத்தை மட்டும் தனியே எடுத்துத் தயோசயனேட்டு விட்டுப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அந்த வெற்றுச் சோதனையைச் செய்தவள் வகுப்பில் ஒரே ஒரு மாணவி. எனக்கு அந்தத் தேர்வில் போன மதிப்பெண் போனதுதான். டெய்லரைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2022 ஜூன் 12

இரவு யோசித்தேன். டெய்லர் கதையை நான் என் வாதத்துக்குச் சாதகமாக இழுத்துவிட்டேன். அவர் பயிற்சி இல்லாதவர் அல்லர். எந்தத் தேர்வு வைத்திருந்தாலும் முதலிடத்தில் தேறியிருப்பார், சொல்லப்போனால் வினாத்தாளே அவர்தான் எழுதியிருப்பார். அந்தச் செம்பைப் பல ஆண்டுகள் நம்பிக்கையோடு பயன்படுத்தியவர். எனவே சான்றிதழ் இருந்திருந்தால் அந்தத் தவறு நேர்ந்திராது என்று சொல்ல முடியாது. அந்த வழக்கு காட்டுவது வேறு: நிபுணர் ஒருவர் தவறினால் எல்லா நிபுணர்களின் மதிப்பும் விழும், ஏனெனில் இவர் வேறு, அவர் வேறு என்று பிரித்துக் காட்டப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. அளவுகோல் வேண்டும் என்ற குரல் அந்த அச்சத்திலிருந்து எழுந்தது.

2022 ஜூன் 19

வெளியூர் சென்றிருந்தேன். விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

நஞ்சு எப்போதோ நடப்பது. பால் தினமும் வருவது. 1851 முதல் 1854 வரை ஆர்தர் ஹில் ஹாசல் என்ற மருத்துவர் நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு இலண்டன் கடைகளின் காப்பித்தூள், மிளகு, தேயிலை, ரொட்டி ஆகியவற்றைச் சோதித்து, கலப்படம் செய்த கடைக்காரரின் பெயரையும் முகவரியையும் தி லான்செட் மருத்துவ இதழில் அச்சிட்டார். 1860இல் முதல் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. பகுப்பாய்வாளரை நியமிக்கலாம் என்றது, நியமிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எனவே ஏறத்தாழ எவரும் நியமிக்கவில்லை. 1872ஆம் ஆண்டுச் சட்டம், பகுப்பாய்வாளருக்கு மருத்துவ, வேதியியல், நுண்ணோக்கி அறிவு போதுமான அளவு இருக்க வேண்டும் என்றது. போதும் என்பதை யார் சொல்வது, எதைக் காட்டி மெய்ப்பிப்பது என்பது பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அரசாணைகளோடு வாழ்ந்த எனக்கு இந்த வாசகம் பழகிய முகம். தகுதியுள்ளவரை நியமிக்க வேண்டும் என்ற ஆணை முதலில் வரும். தகுதி என்றால் என்ன என்ற விளக்கக் கடிதம் நாங்கள் ஓய்வு பெற்ற பிறகு வரும்.

இந்த வெற்றிடத்தில்தான் நகராட்சிகள் மருத்துவரை நியமித்தன, பள்ளி ஆசிரியரை நியமித்தன, குறைந்த கட்டணம் கேட்டவரை நியமித்தன. பகுப்பாய்வாளர்கள் 1874இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். முதல் தலைவர் தியோஃபிலஸ் ரெட்வுட், மருந்தாக்கச் சங்கப் பள்ளியின் பேராசிரியர். 1875ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள் தலையில் இன்னொரு குட்டு வைத்தது: முடிவில் தகராறு என்றால் மாதிரியை சாமர்செட் மாளிகையிலுள்ள வரித்துறை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த ஆய்வகம் 1842இல் புகையிலைக் கலப்படத்தைப் பிடிப்பதற்காகத் தொடங்கப்பட்டது. அதன் ஆட்கள் பெரும்பாலும் சுங்க அலுவலர்களாக வந்து பிறகு வேதியியல் கற்றவர்கள். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பகுப்பாய்வாளர் எழுதுவார், மெலிந்த மாடாக இருக்கலாம் என்று சாமர்செட் மாளிகை எழுதும், பால்காரர் சிரித்துக்கொண்டே வெளியே போவார். வரி வசூலித்தவன் தங்கள் தீர்ப்பைத் திருத்துவதா என்ற கொதிப்புப் பகுப்பாய்வாளர்களிடம் நெடுங்காலம் அடங்கவில்லை.

இந்தப் பின்னணியில் வேதியியல் சங்கத்துக்குள்ளேயே ஒரு பிரிவினர் தேர்ச்சிக்கு எனத் தனி அமைப்பு வேண்டும் என்றார்கள். முன்நின்றவர்களில் ஒருவர் ஆல்டர் ரைட். மார்ஃபினிலிருந்து டையசெட்டில்மார்ஃபினை 1874இல் முதன்முதலில் உருவாக்கியவர், அதாவது பிற்காலத்தில் ஹெராயின் என்று விற்கப்பட்ட பொருளை. அறிவு வளர்க்கும் சங்கம் தொழிற்சங்கமாக மாறக்கூடாது என்று மற்றவர்கள் தடுத்தார்கள். முடிவில் தனியாகவே பிறந்தது: 1877 அக்டோபர் 2 அன்று, அரச சாசனத்துடன், பிரிட்டன் மற்றும் அயர்லாந்து வேதியியல் நிறுவனம். முதல் தலைவர் யார் தெரியுமா? பொட்டலம் கட்டக் கற்றுக்கொண்ட அதே ஃபிராங்க்லண்ட்.

மூன்று ஆண்டுகள் முறையான வேதியியல் பயிற்சி, கூடவே இயற்பியலும் கணிதமும், பிறகு செய்முறைத் தேர்வு என்பது அந்நிறுவனம் வைத்த வாசல். தேறியவர் இணை உறுப்பினர். அதன்பின் மூன்று ஆண்டுகள் தொழிலில் இருந்தவர் முழு உறுப்பினர்.

2022 ஜூன் 20

திருத்தம். 1877இல் அரச சாசனம் இல்லை. கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்துகொண்டுதான் தொடங்கினார்கள்; சாசனம் கிடைத்தது 1885இல். மருந்துக்கடைக்காரர்கள் 1843இலேயே பெற்றதைப் பகுப்பாய்வாளர்கள் 42 ஆண்டுகள் கழித்துப் பெற்றார்கள். இந்த இடைவெளியில் பெயர் பறிபோனதையும் சேர்த்துப் பாருங்கள். "கெமிஸ்ட்" என்ற சொல்லைப் பெயரில் வைக்க வழியில்லாததால்தான் "வேதியியலாளர் நிறுவனம்" என்று சொல்லாமல் "வேதியியல் நிறுவனம்" என்று வைத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம், அவ்வளவே.

2022 ஜூன் 25

கேள்வி கேட்டவர் மீண்டும் வந்திருக்கிறார். "தேர்வு வந்தால் மனப்பாடம் வரும், மனப்பாடம் வந்தால் பெர்கின் வரமாட்டார்" என்கிறார். இதற்கு மறுப்பு எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத அவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட்டேன்.

அறிவியல் மற்றும் கலைத்துறை என்ற அரசுத் துறை 1859 முதல் நாடெங்கும் அறிவியல் தேர்வுகளை நடத்தியது. மாணவர் தேறினால் ஆசிரியருக்குப் பணம். எத்தனை பேர், எந்த வகுப்பில் தேறினார்கள் என்பதைப் பொறுத்து ஊதியம். விளைவு நாம் ஊகிக்கக்கூடியதே. மாலை வகுப்பில், எரிவாயு விளக்கின் கீழ், சோதனைக்குழாயைத் தொட்டே பார்க்காத தச்சுத் தொழிலாளி ஆக்சிஜன் தயாரிக்கும் முறையை எழுதித் தேறினார். அவருக்குக் கற்றுக்கொடுத்தவரும் அதே தேர்வில் அதே வழியில் தேறியவர். இந்தத் தேர்வுக்குத் தேர்வாளராக இருந்த ஃபிராங்க்லண்ட் மனம் நொந்து, வகுப்பில் கண்முன் செய்து காட்டியே ஆக வேண்டிய 109 சோதனைகளின் பட்டியலை வெளியிட்டார். கோடையில் ஆசிரியர்களைத் தெற்குக் கென்சிங்டனுக்கு வரவழைத்துக் கருவிகளைத் தாங்களே செய்யப் பழக்கினார்கள்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைத் தயாரிக்கும் கிப்ஸ் கருவியைக் கரும்பலகைப் படமாகப் பார்த்தே பள்ளிப் படிப்பை முடித்தவன் நான். அந்த வாயுவின் நாற்றத்தை முதன்முதலில் முகர்ந்தது கல்லூரியில். அழுகிய முட்டை என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பிறகுதான் அந்த நாற்றமே எனக்கு அறிமுகம்.

ஆகவே, ஐயா, தேர்வு மனப்பாடத்தை வளர்த்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேதியியல் நிறுவனத்தின் தேர்வு அந்த வகையைச் சேர்ந்ததன்று. பெயரில்லாப் பொருளைக் கொடுத்துக் கைவேலையைப் பார்க்கும் கீசன் வழித் தேர்வு அது. நாம் குரூப் வாரியாகப் பிரித்து, அமிலம் விட்டு, ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு செலுத்திச் செய்யும் சால்ட் அனாலிசிஸ், 1841இல் முதலில் வெளிவந்த, ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரெசெனியஸின் பாடநூலிலிருந்து வந்து சேர்ந்ததே.

2022 ஜூன் 26

நேற்றைய குறிப்பின் கடைசிப் பத்தியை எழுதிவிட்டுப் படுத்தபோதே ஒரு நெருடல். அந்தத் தேர்வு எதை அளந்தது? பகுப்பாய்வை. இருப்பதைக் கண்டறியும் திறமையை. இல்லாததைப் புதிதாக உருவாக்கும் திறமையை அது அவ்வளவாகக் கேட்கவில்லை. தேர்வைக் கேட்டது நீதிமன்றமும் பால்பானையும். ஆகவே வந்ததும் அவற்றுக்கான தேர்வு.

சாயத் தொழில் என்ன ஆயிற்று என்று பாருங்கள். இராயல் வேதியியல் கல்லூரியே விவசாயம் செழிக்கும் என்று நம்பிய நிலவுடைமையாளர்களின் சந்தாவில் தொடங்கியது. மண்ணிலிருந்து பொன் வராததால் சந்தா வற்றி, 1853இல் அரசின் சுரங்கப் பள்ளியோடு இணைக்கப்பட்டது. ஹாஃப்மன் 1865இல் பெர்லினுக்குப் போய்விட்டார். மான்செஸ்டரில் சாயம் செய்துகொண்டிருந்த ஹைன்ரிச் காரோவும் ஜெர்மனிக்குத் திரும்பினார். டையசோ சேர்மங்களைக் கண்டறிந்தவர் பீட்டர் கிரீஸ். அசோ என்னும் வகைச் செயற்கைச் சாயங்கள் அனைத்துக்கும் அடிப்படை அந்தச் சேர்மங்களே. ஹாஃப்மனிடம் உதவியாளராக இருந்த அவர், 1862இல் பர்ட்டன் நகரத்து மதுவடிசாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பீர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அவருடைய சம்பள வேலை. உலகச் சாயத் தொழிலை மாற்றிய ஆராய்ச்சி ஓய்வு நேர வேலை. பெர்கின் 1874இல், 36 வயதில், ஆலையை விற்றுவிட்டு விலகினார்.

எனவே கேள்வி கேட்டவருக்கு இவ்வளவு விட்டுக்கொடுக்கிறேன்: தேர்வு பெர்கினை வெளியே நிறுத்தவில்லை, ஆனால் பெர்கினைத் தேடவும் இல்லை. அது தேடியது என்னைப் போன்றவர்களை.

2022 ஜூலை 2

சென்னைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னை மாகாணத்தில் 1849இலேயே அரசு இரசாயனப் பரிசோதகரின் ஆய்வகம் அமைந்தது. நஞ்சிட்ட வழக்குகளில் வயிற்றுப் பொருள்களைச் சோதிப்பது அதன் வேலை. இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் வேர் அது. டெய்லரின் செம்புத் தகடு தடுமாறிய ஆண்டுக்குப் பத்தாண்டு முந்தியது. எங்கள் துறைக்கு வந்த "பொதுப் பகுப்பாய்வாளர்" என்ற பதவிப் பெயர் அந்த 1870களின் சட்டங்களிலிருந்து வந்தது. 1954ஆம் ஆண்டு நம் கலப்படத் தடைச் சட்டத்திலும் அப்படியே இருந்தது.

2022 ஜூலை 9

முதல் கேள்வியில் "தேர்வு வந்த பிறகுதான் திறமைசாலிகள் வெளியே நிறுத்தப்பட்டார்கள்" என்ற தொடர் எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஜூன் 26 அன்று நிறைய விட்டுக்கொடுத்துவிட்டேனோ என்றும் தோன்றியதால், நான் அதுவரை எழுதாத ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

லூசி பூல், கணித அறிஞர் ஜார்ஜ் பூலின் மகள். தந்தை 1864இல் இறந்தபோது குழந்தை. பல்கலைக்கழகத்தில் படித்ததே இல்லை. அந்த வகையில் நம் பெர்கினைப் போன்றவர். 1883 முதல் புளூம்ஸ்பரி சதுக்கம் 17ஆம் எண்ணிலுள்ள மருந்தாக்கச் சங்கப் பள்ளியில் படித்து, 1888இல் அதன் உயர்தகுதித் தேர்வான "மேஜர்" தேர்வில் தேறினார். மருந்தாக்கச் சங்கம் அதற்குள் பெண்களுக்குக் கதவைத் திறந்திருந்தது: இசபெல்லா கிளார்க், ரோஸ் மின்ஷல் ஆகிய இருவரும் தேர்வுகளில் தேறிய பிறகும் பல ஆண்டுகள் மறுக்கப்பட்டு, 1879இல் உறுப்பினர் ஆனார்கள். லூசி பூல் அங்கே ஆய்வு உதவியாளராகப் பணியாற்றினார். பிறகு இலண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் வேதியியல் கற்பித்தார். வேதியியல் நிறுவனத்தில் 1892இல் எமிலி லாய்டு முதல் பெண் இணை உறுப்பினர் ஆனார். 1894இல் லூசி பூல் முதல் பெண் முழு உறுப்பினர் ஆனார்.

பட்டம் இல்லாத பெண்ணை உள்ளே விட்டவை தேர்வு நடத்திய இரண்டு அமைப்புகள். தேர்வே நடத்தாமல், அறிமுகமானவர்கள் கையெழுத்திட்டு, வாக்களித்துச் சேர்த்துக்கொண்ட வேதியியல் சங்கம்தான் திறமை ஒன்றே போதும் என்று சொல்லிக்கொண்டது. அங்கே தோற்பதற்கு ஒரு வினாத்தாள்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

1904இல் 19 பெண்கள் தங்களையும் உறுப்பினராக ஏற்க வேண்டும் என்று வேதியியல் சங்கத்துக்கு விண்ணப்பம் எழுதினார்கள். கையெழுத்திட்டவர்களில் லூசி பூலும் உண்டு. சங்கம் ஏற்கவில்லை. லூசி பூல் அந்த ஆண்டின் இறுதியிலேயே இறந்துவிட்டார். சங்கம் பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது 1920இல்.